ஒரே பெட்டியில் அகாகியும் என்டர்பிரைஸும்: ஒரு மாதிரிக் கப்பல் தொகுப்பின் மதிப்புரை

1942 ஜூனில் பசிபிக்கில் நடந்த மிட்வே கடற்போரில் எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களை, ஜப்பானின் அகாகியையும் அமெரிக்காவின் என்டர்பிரைஸையும், ஒரே பெட்டியில் வைத்து விற்கும் 1:700 அளவுப் பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்பு ஒன்றை நான்கு மாத மாலைப் பொழுதுகளில் கட்டி முடித்திருக்கிறேன். இந்த இரு கப்பல்களின் மாதிரிகளையும் பல நிறுவனங்கள் பல அளவுகளில் வெளியிட்டிருக்கின்றன. குறைகளையும் எழுதப்போவதால் தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்துவிட்டு, பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் பெரும் பீரங்கிக் கப்பல்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு விமானந்தாங்கிகள் எப்படி முன்னுக்கு வந்தன என்பதைக் கையால் தொட்டு அறிய விரும்புகிறவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் இதைத் தயாரித்தவர்கள் கப்பலின் வெளித்தோற்றத்தில் காட்டிய அக்கறையை, அந்தக் கப்பல் எப்படி வேலை செய்தது என்பதில் காட்டவில்லை. விமானந்தாங்கியின் பலமும் பலவீனமும் அதன் ஓடுதளத்திலும், அதற்குக் கீழே உள்ள விமானக் கொட்டகையிலும் நடக்கும் வேலையில்தான் இருக்கின்றன. அந்த இடத்தில்தான் இந்தத் தொகுப்பு வாங்குகிறவரைக் கைவிடுகிறது.

பெட்டிக்குள் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு கப்பல்களும் நீர்மட்டம் வரையிலான உடலோடு வருகின்றன. கட்டி முடித்தால் அகாகி சுமார் 37 சென்டிமீட்டரும் என்டர்பிரைஸ் சுமார் 36 சென்டிமீட்டரும் இருக்கும். உறுப்புகள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கிலும், விமானங்கள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கிலும் வார்க்கப்பட்டிருக்கின்றன. ரேடார், கைப்பிடிக் கம்பிகள், பளுதூக்கிகள் ஆகியவற்றுக்கு மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று தனியாக உண்டு. செய்முறைத் தாளின் படங்கள் தெளிவாக இருக்கின்றன. வார்ப்புத் தரம் மிக நன்று. உறுப்புகளை வெட்டி எடுத்தபின் ஓரங்களில் உப்புத்தாள் போட வேண்டிய அவசியம் அரிதாகவே ஏற்பட்டது.

நான் முதலில் எடுத்தது அகாகி. இந்தக் கப்பலின் உடலை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அதன் வரலாறு விரலில் தட்டுப்படுகிறது, ஏனென்றால் அகாகி விமானந்தாங்கியாகப் பிறந்த கப்பல் அல்ல. அது போர்க்குரூசராக, அதாவது வேகமான பெரும் பீரங்கிக் கப்பலாக, கட்டத் தொடங்கப்பட்டது. 1922ஆம் ஆண்டின் வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம் பெரும் பீரங்கிக் கப்பல்களின் எண்ணிக்கைக்குக் கடிவாளம் போட்டபோது, பாதி கட்டப்பட்ட உடல்களை உடைத்துப் போடுவதற்குப் பதிலாக விமானந்தாங்கிகளாக மாற்றிக்கொள்ள அந்த ஒப்பந்தமே வழிவிட்டது. அமெரிக்காவின் லெக்சிங்டனும் சரடோகாவும் அப்படி மாறியவையே. அகாகியோடு சேர்த்து மாற்ற நினைத்த அமாகியின் உடல் 1923ஆம் ஆண்டின் கான்டோ நிலநடுக்கத்தில் சிதைந்துபோக, அதன் இடத்தில் காகா வந்தது. விமானந்தாங்கிகளுக்கென அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தலா 1,35,000 டன், ஜப்பானுக்கு 81,000 டன் என்று அந்த ஒப்பந்தம் ஒதுக்கியது. பீரங்கிக் கப்பல்களைக் கட்டுப்படுத்துவதற்காக ஒன்றுகூடியவர்கள், அவற்றின் காலத்தை முடித்து வைக்கப்போகும் கப்பல்களுக்குத் தாங்களே இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

அகாகியின் பின்பக்கத்தில், நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே, பக்கத்துக்கு மூன்றாக ஆறு பீரங்கிகளை ஒட்ட வேண்டியிருக்கிறது. இவை 20 சென்டிமீட்டர் வாய் அகலம் உள்ள பீரங்கிகள். செய்முறைத் தாளில் ஒரு சிறிய அம்புக்குறியோடு கடந்துவிடும் இந்த ஆறு உறுப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் யோசித்தேன். கப்பலை வடிவமைத்தவர்கள் 1920களில் எதற்கு அஞ்சினார்கள் என்பது இவற்றில் உறைந்து கிடக்கிறது. என்றாவது ஒரு நாள் மூடுபனியிலோ இரவிலோ எதிரியின் குரூசர் எதிரே வந்து நிற்கும், அப்போது விமானங்கள் உதவா, பீரங்கிதான் காப்பாற்றும் என்று அவர்கள் நம்பினார்கள். லெக்சிங்டனிலும் சரடோகாவிலும் அமெரிக்கர்களும் இதே காரணத்துக்காக 8 அங்குலப் பீரங்கிகளை வைத்தார்கள், பின்னர் போர் தொடங்கியதும் கழற்றினார்கள். அகாகி 1935 முதல் 1938 வரை அடியோடு புதுப்பிக்கப்பட்டு, மூன்றடுக்காக இருந்த ஓடுதளங்கள் ஒரே நீளத் தளமாக ஆக்கப்பட்ட பிறகும், இந்த ஆறு பீரங்கிகள் போகவில்லை. தங்கள் கையில் இருந்த கருவியின் இயல்பை அதை வைத்திருந்தவர்களே முழுவதும் நம்புவதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தென்படவில்லை. இந்தப் பீரங்கிகளின் குழாய்களை இவ்வளவு நுணுக்கமாக வார்த்ததற்குத் தயாரிப்பாளருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அகாகியின் கட்டளை மேடை கப்பலின் இடப்பக்கத்தில் வருகிறது. போரில் கலந்துகொண்ட விமானந்தாங்கிகளில் அகாகிக்கும் ஹிர்யூவுக்கும் மட்டுமே இப்படி. புகைபோக்கி வலப்பக்கம் கீழ்நோக்கி வளைந்து இருப்பதால், எடையைச் சமன் செய்யவும் தளத்தில் இடத்தைப் பகிரவும் மேடையை மறுபக்கம் வைத்தார்கள். ஆனால் இறங்கும்போது தவறினால் விமானிகள் இடப்பக்கமாகத் திரும்பி மேலெழுவதே வழக்கம் என்பதாலும், மேடையைச் சுற்றி எழும் காற்றுச் சுழல் இறங்குகிறவர்களை அலைக்கழித்ததாலும், பிறகு கட்டிய கப்பல்களில் அது வலப்பக்கத்துக்கே திரும்பிவிட்டது. இந்த மேடையைச் சுற்றிச் சுருட்டிய படுக்கைகளைக் குண்டுச் சிதறல்களுக்குத் தடுப்பாகக் கட்டிவைத்திருக்கும் புகைப்படம் வரலாற்று ஆர்வலர்களுக்குத் தெரிந்ததே. கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத அந்த மேடையில், படுக்கைச் சுருள்கள் தனித்தனியாகத் தெரியும்படி வார்த்திருக்கிறார்கள். சாமணத்தில் பிடித்து ஒட்டிவிட்டு விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது, ஒவ்வொரு சுருளுக்கும் இடையே நிழல் விழுந்தது. இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு இதுதான்.

என்டர்பிரைஸ் வேறு வகைக் கப்பல். 1938 மே மாதம் கடற்படையில் சேர்ந்த அது, முதல் தகட்டிலிருந்தே விமானந்தாங்கியாகக் கட்டப்பட்டது. இரண்டு ஓடுதளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அகாகியின் மரப்பலகைகள் கப்பலின் நீளவாக்கில் ஓடுகின்றன, என்டர்பிரைஸின் பலகைகள் குறுக்கே ஓடுகின்றன. இந்த வேறுபாட்டைத் தயாரிப்பாளர் சரியாகவே காட்டியிருக்கிறார். 1942இல் அமெரிக்கத் தளத்துக்கு நீலச் சாயம் ஏற்றியிருந்தார்கள். செய்முறைத் தாள் சொல்லும் நிறம் சற்றுச் சாம்பல் தட்டுகிறது, இன்னும் கொஞ்சம் நீலத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லது. மேடையின் உச்சியில் வைக்க வேண்டிய ரேடார், கம்பி வலை பின்னிய கட்டில் சட்டம்போல் பித்தளைத் தகட்டில் வருகிறது. அதை ஒட்டி முடித்தபின் அகாகியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே அதற்கு இணையாக ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. 1942 ஜூன் 4 காலையில் அகாகியில் ரேடார் கிடையாது. வானத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நம்பியே அந்தக் கப்பல் இருந்தது.

இனி என் முதன்மையான குறைக்கு வருகிறேன். என்டர்பிரைஸின் ஓடுதளத்துக்குக் கீழே உள்ள விமானக் கொட்டகை இரு பக்கமும் திறந்தது. வேண்டும்போது உருளைக் கதவுகளை இறக்கி மூடலாம், மற்ற நேரங்களில் கடற்காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறும். அதனால் அங்கேயே விமானங்களின் இயந்திரங்களை ஓட்டிச் சூடேற்றலாம், பெட்ரோல் ஆவி தேங்காது, ஆபத்து வந்தால் குண்டையோ எரியும் விமானத்தையோ கடலில் தள்ளிவிடலாம். அகாகியின் கொட்டகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, சுற்றிலும் சுவர் எழுப்பி மூடப்பட்டவை. வெளியிலிருந்து பார்த்தால் அழகான, ஒழுங்கான உடல். உள்ளே தீப்பிடித்தால் அழுத்தம் வெளியேற வழியில்லாத அறை. இந்த இரு கப்பல்களையும் ஒரே பெட்டியில் வைத்து விற்பதற்கு ஒரு பொருள் இருக்குமானால், அது இந்த வேறுபாட்டைக் கண்முன் காட்டுவதாகத்தான் இருக்க முடியும். ஆனால் என்டர்பிரைஸின் உருளைக் கதவுகள் அத்தனையும் மூடிய நிலையில், உடலோடு ஒட்டிய கோடுகளாக வார்க்கப்பட்டிருக்கின்றன. உள்ளே கொட்டகைக்குத் தரைகூட இல்லை. அகாகியின் மின்தூக்கிகளும் தளத்தில் கீறிய செவ்வகங்களாகவே இருக்கின்றன. ஒன்றையாவது கீழிறக்கி வைக்க வழி செய்யவில்லை.

நான் என்டர்பிரைஸின் இடப்பக்கத்தில் நான்கு கதவுகளைக் கூர்மையான கத்தியால் வெட்டித் திறந்தேன். பிளாஸ்டிக் தடிப்பாக இருந்ததால், முதலில் மூலைகளில் ஊசித் துளையிட்டு, பிறகு கோட்டின்மேல் பலமுறை கீறிக் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. முதல் கதவு கோணலாகிவிட்டது, அடுத்த மூன்றும் சரியாக வந்தன. உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தரையாக ஒட்டி, இரண்டு விமானங்களை நிறுத்தினேன். அதன்பிறகு கப்பலைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தபோது, கொட்டகைக்குள் விழுந்த வெளிச்சம் விமானத்தின் இறக்கையைத் தொட்டது. அந்த ஒரு காட்சிக்காகவே இரண்டு மாலைகள் செலவழிந்ததைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் இது வாங்குகிறவர் செய்ய வேண்டிய வேலை அல்ல. திறந்த கதவுகளைத் தனி உறுப்புகளாகக் கொடுப்பது தயாரிப்பாளருக்குக் கடினமும் அல்ல.

மூடிய கொட்டகை என்பதாலேயே ஒரு கப்பல் அழிந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. பிரிட்டனின் இலஸ்ட்ரியஸும் மூடிய கொட்டகை உள்ள கப்பல்தான். ஆனால் அதன் ஓடுதளம் கவசத்தால் ஆனது, எரிபொருளைக் கையாள்வதிலும் பிரிட்டிஷார் கடுமையான ஒழுங்கைக் கடைப்பிடித்தார்கள். 1941 ஜனவரியில் மத்தியதரைக் கடலில் பல குண்டுகளை வாங்கியும் அது மூழ்காமல் கரை சேர்ந்தது. அமெரிக்கக் கப்பல்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. பவளக்கடல் போரில் லெக்சிங்டனைக் கொன்றது உள்ளே கசிந்து பரவிய பெட்ரோல் ஆவிதான். அதிலிருந்து கற்றுக்கொண்டு, மிட்வேயில் யார்க்டவுன் என்ற அமெரிக்க விமானந்தாங்கியின் எரிபொருள் குழாய்களைத் தாக்குதலுக்கு முன்பே காலி செய்து, அவற்றில் கரியமில வாயுவை நிரப்பினார்கள். ஒரு மாத இடைவெளியில் ஒரு கடற்படை தன் பழக்கத்தைத் திருத்திக்கொண்டது என்பது சிறிய செய்தி அல்ல.

விமானங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானின் ஜீரோ போர் விமானத்தின் இறக்கை இந்த அளவில் 17 மில்லிமீட்டர் வருகிறது, அமெரிக்காவின் குண்டுவீச்சு விமானமான டாண்ட்லெஸ் 18 மில்லிமீட்டர். கண்ணாடிப் பிளாஸ்டிக் என்பதால் விமானி அறையை மறைத்துக்கொண்டு மற்ற இடங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டினால், கூண்டு தானாகவே மின்னுகிறது. டாண்ட்லெஸின் இறக்கை விளிம்பில் உள்ள துளையிட்ட தடுப்புத் தகடுகள் தெரிகின்றன. கிட்டத்தட்ட செங்குத்தாகப் பாயும்போது வேகம் கட்டுக்குள் இருக்க உதவியவை அவைதான். டாண்ட்லெஸுக்கு இறக்கை மடங்காது என்பதைச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள். ஜப்பானிய டார்பிடோ விமானத்துக்கு மடித்த இறக்கை, விரித்த இறக்கை என இரண்டும் கொடுத்திருப்பது பாராட்டத்தக்கது.

இந்தச் சிறிய விமானங்களை ஓடுதளத்தில் வரிசையாக நிறுத்தத் தொடங்கியபோதுதான், எத்தனையோ கட்டுரைகளைப் படித்தும் எனக்குச் சரியாக விளங்காத ஒன்று விளங்கியது. பின்பக்கம் விமானங்களை நெருக்கமாக அடுக்கிவிட்டால், எதுவும் இறங்க முடியாது. இறங்க இடம் விட்டால், தாக்குதலுக்குப் புறப்பட வேண்டியவற்றை மேலே கொண்டுவர முடியாது. இருப்பது ஒரே தளம். அதில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே நேரத்தில் நடக்காது. மின்தூக்கியில் ஒவ்வொன்றாக ஏற்றி, வரிசைப்படுத்தி, இயந்திரத்தைச் சூடாக்கி, கப்பலைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி அனுப்ப முக்கால் மணி நேரம் அளவில் தேவைப்படும். விமானந்தாங்கிப் போர் முழுவதும் இந்த முக்கால் மணி நேரத்தைச் சுற்றியே நடந்தது.

ஜூன் 4 காலை ஜப்பானிய விமானந்தாங்கிப் படையின் தளபதி நகுமோ சுய்ச்சியின் நிலையை இந்தத் தளத்தை வைத்துப் பார்த்தால் புரியும். மிட்வே தீவைத் தாக்க ஒரு அணி போயிருந்தது. கப்பல்களைத் தாக்குவதற்கென்று டார்பிடோக்களோடு காத்திருந்த அடுத்த அணிக்கு, 7.15 மணி அளவில், தரையைத் தாக்கும் குண்டுகளை மாட்டச் சொன்னார். சிறிது நேரத்தில் அமெரிக்கக் கப்பல்கள் தென்பட்டதாகச் செய்தி வந்ததும் அந்த வேலையை நிறுத்தச் சொல்லி, மீண்டும் டார்பிடோ என்றார். அதற்குள் தீவுக்குப் போனவர்கள் எரிபொருள் தீரும் நிலையில் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களை இறக்க வேண்டும். இடையிடையே அமெரிக்க விமானங்கள் தாக்க வந்துகொண்டே இருந்ததால், காவல் சுற்றிய ஜீரோக்கள் தோட்டாக்களை நிரப்பிக்கொள்ள இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. இன்னொரு அமெரிக்க விமானந்தாங்கியான ஹார்னெட்டிலிருந்து வந்த 15 டார்பிடோ விமானங்களும் சுட்டு வீழ்த்தப்பட்டு, அந்த அணியில் ஒரே ஒருவர் உயிர் பிழைத்தார். அவர்களுடைய டார்பிடோ ஒன்றும் இலக்கைத் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு தாக்குதலும் அகாகியின் தளத்தில் இன்னும் சில நிமிடங்களைத் தின்றது. 10.20 மணியைத் தாண்டியபோது, எரிபொருளும் டார்பிடோவும் நிரப்பிய விமானங்கள் கீழே மூடிய கொட்டகைக்குள் நின்றிருந்தன. என்டர்பிரைஸின் விமானி ரிச்சர்ட் பெஸ்ட் தலைமையில் மூன்றே டாண்ட்லெஸ் விமானங்கள் அகாகியின்மேல் பாய்ந்தன. 1,000 பவுண்டு குண்டு ஒன்று நடு மின்தூக்கியின் ஓரத்தில் தளத்தைத் துளைத்துக்கொண்டு கொட்டகைக்குள் வெடித்தது. அது போதுமானதாக இருந்தது.

இதனால்தான் பெட்டியின் மேலட்டைப் படமும், செய்முறைத் தாளின் கடைசிப் பக்கமும் என்னை வருத்தின. இரண்டிலும் அகாகியின் தளம் தாக்குதலுக்குப் புறப்படத் தயாரான விமானங்களால் நிரம்பி வழிகிறது. இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் எல்லாம் வானில் ஏறியிருக்கும் என்று ஜப்பானிய விமானி புச்சிடா மிட்சுவோ போருக்குப் பிறகு எழுதியதே நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. ஜப்பானியக் கப்பல்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் அதை ஏற்பதில்லை. அந்த நேரத்தில் தளத்தில் காவல் விமானங்கள் சிலவே இருந்தன, மற்றவை கீழே இருந்தன என்பதே இன்று வலுவாக நிற்கும் கருத்து. காட்சிக்குத் தளம் நிறைய விமானங்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே ஜூன் 4, 10.24 மணி என்று நேரத்தையும் அச்சிட்டிருப்பது தவறு. என் அகாகியின் தளத்தில் மூன்று ஜீரோக்களை மட்டும் வைத்தேன். பார்க்க வருகிறவர்கள் ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலிருந்தே பேச்சைத் தொடங்க முடிகிறது.

இரண்டு கப்பல்களையும் அலமாரியில் அருகருகே வைக்கும்படி, ஒரே பலகையில் பொருந்தும் தாங்கிகளைத் தந்திருக்கிறார்கள். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று காலை என்டர்பிரைஸ் தன் விமானங்களை அனுப்பத் தொடங்கியபோது இரு அணிகளுக்கும் இடையே 280 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் இருந்தது. அதை 700ஆல் வகுத்தால் 400 மீட்டர். அதாவது, அகாகியை என் மேசையில் வைத்தால், என்டர்பிரைஸை நான்கு தெரு தள்ளி இன்னொருவர் வீட்டில் வைக்க வேண்டும். உலகிலேயே மிகப் பெரிய பீரங்கிகளைத் தாங்கிய ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோவின் 46 சென்டிமீட்டர் குண்டு சுமார் 42 கிலோமீட்டர் போகும். இந்த அளவில் அது 60 மீட்டர். அறுபது மீட்டர் கையை நீட்டக்கூடியவனும் நானூறு மீட்டர் கையை நீட்டக்கூடியவனும் சண்டையிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடற்படைகள் புரிந்துகொண்டதுதான் இந்தப் போரின் கடல் வரலாறு. தொகுப்போடு வரும் சிறு கையேட்டில் இந்தக் கணக்கு ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

அந்தப் புரிதல் ஒரே நாளில் வரவில்லை. 1940 நவம்பரில் இலஸ்ட்ரியஸிலிருந்து எழுந்த 21 சுவார்ட்ஃபிஷ் விமானங்கள், துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள், டாரன்டோ துறைமுகத்தில் நின்ற மூன்று இத்தாலியப் பெரும் போர்க்கப்பல்களை முடக்கின, திரும்பாதவை இரண்டே. அதன்பிறகும் விமானந்தாங்கி என்பது பீரங்கிக் கப்பல்களுக்குக் கண்ணாகவும் குடையாகவும் இருக்கும் துணைக் கப்பல் என்ற எண்ணம் பலரிடம் நீடித்தது. 1941இல் ஜப்பானியர் செய்த மாற்றம், கப்பலைவிட அதைப் பயன்படுத்தும் முறையில் இருந்தது. ஒன்றிரண்டாகப் பிரிந்து கிடந்த விமானந்தாங்கிகளை ஒரே படையாகச் சேர்த்து, ஆறு கப்பல்களின் விமானங்களை ஒரே கட்டளையின்கீழ் ஒரே இலக்குக்கு அனுப்பினார்கள். பேர்ல் ஹார்பருக்கு இரண்டு அலைகளாக வந்த சுமார் 350 விமானங்களுக்கு அகாகியே தலைமைக் கப்பல். நான்கு மாதத்துக்குப் பிறகு அதே படை இந்தியப் பெருங்கடலுக்கு வந்து, ஏப்ரல் 5இல் கொழும்பையும் 9இல் திருகோணமலையையும் தாக்கியது. மட்டக்களப்புக்கு அருகே பிரிட்டனின் ஹெர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டபோது அதில் ஒரு விமானம்கூட இல்லை. விமானந்தாங்கியாகவே வரையப்பட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் என்ற பெருமை அதற்கு உண்டு. விமானம் இல்லாத ஓடுதளத்தால் அதற்கு எந்தப் பயனும் இருக்கவில்லை.

கையேட்டைப் பற்றிய இன்னொரு குறை, அது மிட்வேயோடு நின்றுவிடுவது. ஜப்பான் அன்று நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது, அமெரிக்கா யார்க்டவுனை இழந்தது, போர் திசை திரும்பியது என்று முடித்துவிடுகிறார்கள். என்டர்பிரைஸை வாங்கிக் கட்டுகிறவருக்கு அதன் பிறகு நடந்தது தெரிய வேண்டாமா? 1942 ஆகஸ்டில் கிழக்கு சாலமன் போரில் அது மூன்று குண்டுகளை வாங்கி, தீயை அணைத்து, தளத்தின் ஓட்டைகளை அடைத்து, ஒரு மணி நேரம் அளவில் மீண்டும் விமானங்களை இறக்கியது. அக்டோபரில் ஹார்னெட் மூழ்கியபின், பசிபிக்கில் செயல்படக்கூடிய அமெரிக்க விமானந்தாங்கியாகச் சில காலம் அது ஒன்றே அடிபட்ட நிலையில் நின்றது. அதற்குள் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் எசெக்ஸ் வகை விமானந்தாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கத் தொடங்கியிருந்தன; 1944 ஜூனில் பிலிப்பைன் கடல் போருக்கு அமெரிக்கா 15 விமானந்தாங்கிகளைக் கொண்டுவந்தது, ஜப்பான் 9. கப்பலைக்கூட மீண்டும் கட்டிவிடலாம், தேர்ந்த விமானிகளைக் கட்ட முடியாது என்பதை ஜப்பான் அந்த இரண்டு ஆண்டுகளில் உணர்ந்தது. 1945 ஏப்ரல் 7இல் யமாட்டோ, தன் பெரும் பீரங்கிகளால் சுடக்கூடிய ஓர் எதிரிக் கப்பலைக் கண்ணால் காணாமலே, விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது.

சிறு பிழைகள் சிலவும் உண்டு. என்டர்பிரைஸுக்கு நான்கு குழல் 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கிகளை ஒட்டச் சொல்கிறார்கள். அவை மிட்வேக்குப் பிறகே அதில் பொருத்தப்பட்டன. ஜூனில் இருந்தவை 1.1 அங்குல நான்குகுழல் பீரங்கிகளும் 20 மில்லிமீட்டர் ஓர்லிகான்களும். சரியான உறுப்புகள் அதே சட்டத்தில் பயன்படாதவை என்று குறிக்கப்பட்டுக் கிடக்கின்றன என்பதால் திருத்துவது எளிது. அகாகியின் உடல் முன்பாதியும் பின்பாதியும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய இடைவெளி விழுகிறது, பட்டி பூசித் தேய்க்க வேண்டும். தளத்தின் இரு துண்டுகளும் சேரும் கோடு விமானத்தடுப்புக் கம்பிகளின்மேல் வருவதால், தேய்க்கும்போது கம்பிகள் அழிந்துவிடும். நான் நீட்டி இழுத்த பிளாஸ்டிக் இழையால் அவற்றைத் திரும்பப் போட்டேன். அடையாள ஒட்டுத்தாள்கள் மெல்லியவை, நன்றாகப் படிகின்றன. ஆனால் விமானங்களின் வட்டச் சின்னங்களில் அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவே சிவப்புப் புள்ளியுடன் வந்திருக்கிறது. ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பக் கூடாது என்று அந்தப் புள்ளியை 1942 மே மாதத்திலேயே நீக்கிவிட்டார்கள். நுனித் தூரிகையால் ஒவ்வொன்றிலும் வெள்ளையைத் தொட்டு வைத்தேன்.

முதன்முறையாக மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பித்தளைத் தகட்டு வேலை பொறுமையைச் சோதிக்கும். இரண்டு மூன்று கப்பல்கள் கட்டிப் பழகியவர்கள் வாங்கலாம். வாங்கினால் என்டர்பிரைஸிலிருந்து தொடங்குங்கள். உடலை ஒட்டுவதற்கு முன்பே பக்கக் கதவுகளை வெட்டித் திறந்துவிடுங்கள், ஒட்டியபின் கத்தி உள்ளே சரியாகப் போகாது. அகாகியின் நடு மின்தூக்கியையும் அப்படியே வெட்டி எடுத்து, ஒரு விரல்கடை கீழே இறக்கி ஒட்டலாம். கீழே இருட்டாக ஒரு சதுரம் தெரியும். அதற்குள் இறக்கை மடித்த ஒரு டார்பிடோ விமானத்தை நிறுத்த இடம் இருக்கிறது.